பதினோரு மில்லிமீட்டர்

சமையலறை மரச்சட்டங்களின்மேல் நிற்கிறது.
அதையடுத்த அறை, ஒருகாலத்தில் கார் நின்ற இடம்,
வெறும் கான்கிரீட்.
நடுவிலிருந்த கதவையும் நிலையையும் பெயர்த்தாயிற்று.
மிச்சம் ஒரு கோடு.
கோட்டுக்கு இந்தப் பக்கம் மேடு,
அந்தப் பக்கம் பள்ளம்,
பதினோரு மில்லிமீட்டர்.

நடக்கிறவர்களுக்கு அது ஒன்றுமேயில்லை.
கார்னெட்டின் சக்கர நாற்காலிக்கு அது
மடியிலிருக்கும் தேநீரில் பாதி.

"நடுவில் ஒரு பட்டை அடித்துவிடு, ரோடா,"
என்றார் கடைக்காரர் டெல்பர்ட் வென்ட்செல்.
"மரம் குளிருக்குச் சுருங்கும், வெயிலுக்கு ஊதும்.
கான்கிரீட் அசையாது.
பட்டை இல்லையென்றால் உத்தரவாதமும் இல்லை."

படகின் வின்ச்சுக்கு உத்தரவாதம் இருந்தது.
அறுந்த கம்பியின் மறுமுனையில் நின்ற என் தம்பிக்கு
இல்லை.
அதைச் சொல்லவில்லை.
இருபத்திரண்டு பெட்டிப் பலகைக்குக் காசு கொடுத்துவிட்டு வந்தேன்.

மூன்று நாள் பெட்டிகள் அறையில் சும்மா கிடந்தன.
வீட்டின் சூட்டுக்கு அவை பழகவேண்டுமாம்.
மருத்துவமனையிலிருந்து வந்தபோது அவனுக்கு
ஒரு மத்தியானம்கூடத் தரவில்லை நாங்கள்.
கொடிகட்டி, கேக் வெட்டி,
அண்டை அயல் எல்லாம் வரிசையில் நின்று.

கான்கிரீட்டின்மேல் பிளாஸ்டிக் தாள் விரித்து
நாலு ஓரமும் டேப் ஒட்டிப் படுத்தேன்.
காலையில் தாளின் அடிப்பக்கம் வியர்த்திருந்தது.
ஐம்பத்தேழில் ஊற்றிய தரை,
லுனென்பர்க்கின் ஈரத்தை
இன்னும் குடித்து முடிக்கவில்லை.

ஈரமுறிஞ்சி ஒன்பது நாள் உறுமியது.
வாளியில் சேர்ந்த தண்ணீரை கார்னெட்
லிட்டர் லிட்டராக அளந்து
சுவரில் பென்சிலால் குறித்தான்.
அவ்வளவு கவனமாக அவன் எதையும் எண்ணி
ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது.

மரத்தின் பக்கம் என் வேலை:
முனகும் இடமெல்லாம் திருகாணி.
நூற்றுநாற்பது. அப்புறம் எண்ணவில்லை, முழங்கால்தான் எண்ணியது.

பிறகு கலவை.
தானே மட்டமாகும் என்று மூட்டையில் அச்சடித்திருந்தார்கள்.
ஆனது, பெரும்பாலும்.
மூலைகளுக்குப் போக மட்டும் சோம்பல்பட்டது.
கரண்டியால் தள்ளிவிட்டேன்.
காய்ந்ததும் கார்னெட் ஒரு கோல்ஃப் பந்தைக்
கோட்டுக்கு மேலே வைத்தான்.
இருவரும் மூச்சை அடக்கிக்கொண்டோம்.
பந்து எந்தப் பக்கம் போவதென்று யோசித்து
அங்கேயே நின்றுவிட்டது.

ஈரம் ஏறாத படலம், அதன்மேல் நுரைவிரிப்பு,
அதன்மேல் ஓக் நிறப் பலகைகள்.
எந்த மூட்டும் கோட்டின்மேல் விழாதபடி
குறுக்கே தாண்டிப் போட்டேன்.
சுவரோரம் சுண்டுவிரல் அகலம் இடம் விட்டேன்,
ஊதும்போது ஒதுங்கிக்கொள்ள.

பக்கத்து வீட்டு எல்டா ஹிர்ட்டில்
கையைக் கட்டிக்கொண்டு பார்த்துவிட்டு,
"கல்யாணம் மாதிரி இருக்கிறது," என்றாள்.
எல்டா, இது தரை.

பிப்ரவரியில் கோட்டுக்கு ஒரு முழம் தள்ளி
இரண்டு பலகைக்கு நடுவே
நகம் நுழையத் திறந்தது.
டெல்பர்ட்டிடம் சொல்லப்போவதில்லை.

இரவு மூன்று மணிக்கு கார்னெட்டுக்குப் பசிக்கும்.
முன்பெல்லாம் அந்தப் பதினோரு மில்லிமீட்டரில்
சக்கரம் முட்டும். ஒரு வசவு. மறுபடி ஒரு முட்டு.
ஏறிவிட்டான் என்று
நான் புரண்டு படுத்துத் தூங்கிவிடுவேன்.

இப்போது முட்டுவதற்கு ஒன்றுமில்லை.
மாடியில் விழித்துக் கிடக்கிறேன்.
கான்கிரீட்டின்மேல் சக்கரம்
வாயை மூடிக்கொண்டு போகும்.
மரத்துக்கு வந்ததும் அடியிலிருக்கும் வெற்றிடம்
மெல்ல அதிரும்.
கண்ணுக்குத் தெரியாத கோடு
அங்கேதான் இருக்கிறது.
அந்த அதிர்வுக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு,
போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டு...

இதோ.
குளிர்சாதனப்பெட்டியின் கதவு.